அக்குள் கறை: அடையாளம் பார்த்துத் துணியைக் காப்பாற்றும் வழி

வெள்ளைச் சட்டையின் அக்குளில் மஞ்சள் தெரிந்ததும் பெரும்பாலான வீடுகளில் கை முதலில் போவது பிளீச் பாட்டிலுக்குத்தான். அது பலிக்காவிட்டால் பிரஷ். அதுவும் பலிக்காவிட்டால், போன வரைக்கும் போதும் என்று அயர்ன் பண்ணி மாட்டிவிடுகிறோம். மூன்றுமே கறையைத் துணியோடு இறுக்கிவிடும் காரியங்கள். வியர்வையால் பாழான சட்டைகளைவிட, கறை என்னவென்று பார்க்காமல் செய்த முதல் வைத்தியத்தால் பாழான சட்டைகள்தான் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

அக்குளில் வருகிற கறை ஒரே வகை கிடையாது. மஞ்சள் ஒன்று, வெள்ளைத் தீற்றல் ஒன்று, உப்பு வளையம் ஒன்று, மொடமொடப்பு ஒன்று, துவைத்த பிறகும் போகாத வாடை ஒன்று. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றைக் கெடுக்கும். கீழே அடையாளப்படி பிரித்திருக்கிறேன். உங்கள் துணியில் தெரிவது எதுவோ நேரே அங்கே போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

கை வைக்கும் முன்

அக்குளில் என்ன பூசுகிறீர்கள் என்று பாருங்கள். ரோல்-ஆன் அல்லது ஸ்டிக்கின் பின்புறம் சேர்மானப் பட்டியலில் ‘அலுமினியம்’ என்று தொடங்கும் பெயர் இருந்தால் அது ஆன்டிபெர்ஸ்பிரன்ட், அதாவது வியர்வை வெளியே வரும் வாயையே அடைக்கிற வகை. அந்த அலுமினிய உப்பு இல்லாவிட்டால் அது வாடையை மட்டும் அடக்குகிற டியோடரன்ட். இங்கே விற்கும் பாடி ஸ்ப்ரேக்களில் பல வெறும் ஆல்கஹாலும் வாசனையும்தான். படிகாரக் கல்லைத் தேய்ப்பவர்கள் ரசாயனம் எதுவும் படவில்லை என்று நினைப்பதுண்டு. படிகாரமும் அலுமினிய உப்புதான். துணியைப் பொறுத்தவரை அதையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

அடுத்து தண்ணீர்ச் சோதனை. கறை பட்ட இடத்தைச் சாதாரணத் தண்ணீரில் நனையுங்கள். நனைந்ததும் கறை மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் துணியின் மேல் ஏதோ படிந்திருக்கிறது, எடுத்துவிடலாம். நனைந்த பிறகும் அந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தால், அது மஞ்சள் ஏறியதாகவோ சாயம் போனதாகவோ இருக்கும். சாயம் போனதை எந்தத் தூளும் திருப்பித் தராது.

மூன்றாவது, மஞ்சள் பூசிக் குளிக்கும் வீடுகளுக்கான சோதனை. மஞ்சள் கறையின் ஓரத்தில் கொஞ்சம் பார் சோப்பைத் தடவுங்கள். சட்டென்று சிவந்தால் அது வியர்வைக் கறையே இல்லை. மஞ்சள் தூளில் உள்ள குர்குமின், சோப்பின் காரம் பட்டுச் சிவக்கிறது. அலசிவிட்டு நல்ல வெயிலில் போட்டால் இரண்டொரு நாளில் வெளுத்துப் போகும். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. ஜாக்கெட்டின் கழுத்து, அக்குள் இரண்டிலும் வரும் மஞ்சள் பல நேரம் இந்த வகைதான். இதற்குப் போய்ப் பிளீச் ஊற்றித் துணியை நைய வைக்க வேண்டாம்.

வாங்கி வைக்க வேண்டியவை சிலவே. மளிகைக் கடையில் சிட்ரிக் அமிலம் (எலுமிச்சை உப்பு என்றும் கேட்கலாம்), இல்லையென்றால் வெள்ளை வினிகர். ஆக்ஸிஜன் வகைக் கறை நீக்கும் தூள். வேனிஷ் போன்றவை இந்த வகை, உள்ளே இருப்பது சோடியம் பெர்கார்பனேட். பாத்திரம் துலக்கும் லிக்விட். என்சைம் இருப்பதாக பாக்கெட்டில் போட்டிருக்கும் நல்ல துணி பவுடர் அல்லது லிக்விட். ஒரு பழைய டூத்பிரஷ், மெல்லிய முடி உள்ளதாக.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ரின் ஆலா போன்ற குளோரின் பிளீச்சோடு வினிகரோ சிட்ரிக் அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஒரே பக்கெட்டில் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் சரியாக அலசாமல் போடுவதும் கலப்பதற்குச் சமம்தான். பெர்கார்பனேட் கரைசலையும் மூடிய பாட்டிலில் அடைத்து வைக்காதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

அடையாளம்: வெள்ளைத் துணியில் மஞ்சள் திட்டு

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். இதில்தான் அதிகத் தவறும் நடக்கிறது.

வியர்வை தன்னளவில் நிறமற்றது. உடம்பு முழுக்க இருக்கும் சுரப்பிகள் விடுவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். அக்குள் போன்ற சில இடங்களில் கூடுதலாக இன்னொரு வகைச் சுரப்பி உண்டு. அது புரதமும் கொழுப்பும் கலந்ததை விடுகிறது. இந்தப் புரதமும் தோலின் எண்ணெய்ப் பசையும் ரோல்-ஆனில் உள்ள அலுமினிய உப்போடு சேர்ந்து பருத்தி நூலில் ஒட்டிக்கொள்கின்றன. நாள்பட்டுக் காற்றும் சூடும் படப்பட மஞ்சளாகின்றன. நம் ஊர்ச் சாயக்காரர்கள் பருத்தியில் இயற்கைச் சாயம் பிடிக்கத் துணியை முதலில் படிகாரத் தண்ணீரில் முக்குவார்கள். நூலுக்கும் சாயத்துக்கும் நடுவே நின்று இரண்டையும் பிடித்து வைப்பது அலுமினியம். பருத்தி அலுமினியத்தை அவ்வளவு எளிதில் விடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். பவுடரும் பார் சோப்பும் மட்டும் போட்டு எத்தனை தடவை துவைத்தாலும் இந்த மஞ்சள் நகராததன் காரணம் இதுதான். முதலில் அலுமினியத்தின் பிடியைத் தளர்த்த வேண்டும், அதற்கு அமிலம். அதற்குப் பிறகுதான் மஞ்சளை வெளுக்க வேண்டும், அதற்கு ஆக்ஸிஜன். இந்த வரிசை மாறக் கூடாது.

சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். கறை உட்காருவது உள்பக்கம்தான். ஒரு லிட்டர் வெந்நீரில், கை பொறுக்கும் சூட்டில், ஒரு மேஜைக்கரண்டி சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, அக்குள் பகுதி முழுகும்படி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வையுங்கள். வினிகர் என்றால் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர். இந்தக் கட்டத்தில் சோப்பு எதையும் சேர்க்காதீர்கள். அமிலத்தில் சோப்பு திரிந்து எண்ணெய்ப் பிசுக்காக மாறி துணியிலேயே ஒட்டும். வினிகரையும் ஆப்ப சோடாவையும் சேர்த்துக் கொட்டி நுரை பொங்குவதைப் பார்க்கிற வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. பொங்கி முடிந்ததும் மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடுகின்றன.

ஊறியதும் டூத்பிரஷ்ஷால் நூல் போகும் திசையிலேயே மெதுவாக வருடிவிட்டு, இரண்டு தண்ணீர் மாற்றி அலசுங்கள். அமிலம் துணியிலேயே காய்ந்துவிடக் கூடாது, பருத்தி நைந்துபோகும்.

இனி ஆக்ஸிஜன் தூள். இது குளிர்ந்த தண்ணீரில் மந்தமாகத்தான் வேலை செய்யும். 40 முதல் 50 டிகிரி சூடு வேண்டும். அடுப்பில் கொதித்த தண்ணீரில் ஒரு பங்கும் குழாய்த் தண்ணீரில் மூன்று பங்கும் சேர்த்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வந்துவிடும். பாக்கெட்டில் சொன்ன அளவில் தூளைப் போட்டு முழுவதும் கரைந்த பிறகு துணியை அமுக்குங்கள். பெர்கார்பனேட் தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவை சோடாவாகவும் பிரியும். முதலாவது மஞ்சளை வெளுக்கும், இரண்டாவது எண்ணெய்ப் பசையை இளக்கும். நாலைந்து மணி நேரத்துக்கு மேல் ஊறப் போடுவதில் லாபமில்லை. அதற்குள் தூளின் வேகம் அடங்கிவிடும். கறை மிச்சமிருந்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

தூள் கிடைக்காத ஊரில் மெடிக்கல் ஷாப் பெராக்சைடு உதவும். இங்கே விற்பது பெரும்பாலும் 6 சதவீதம். சம அளவு தண்ணீர் சேர்த்து, பாத்திர லிக்விட் சில துளியும் ஆப்ப சோடா கொஞ்சமும் விட்டுக் குழைத்துக் கறையில் பூசி, காய விடாமல் அரை மணி நேரம் வைத்து அலசலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இரும்பு ஹூக், துருப்பிடித்த பட்டன் பக்கம் மட்டும் பெராக்சைடு போக வேண்டாம். இரும்பு பட்ட இடத்தில் அது வெறிகொண்டு வேலை செய்து துணியில் சிறு ஓட்டை விழும்.

கடைசியாக வழக்கம்போல என்சைம் பவுடரில் துவையல். முடிந்ததும் வெள்ளையைக் கொடியில் வெயிலிலேயே போடுங்கள், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பார்த்து, மஞ்சள் துளியும் இல்லை என்று உறுதியான பின்புதான் அயர்ன். மிச்சக் கறையின் மேல் அயர்ன் பட்டால் புரதம் வெந்து இறுகிவிடும். அயர்ன் கடைக்குப் போடுபவர்கள் கறை உள்ள சட்டையைத் தனியாக எடுத்து வையுங்கள். கஞ்சி போடுவதும் அதற்கப்புறம்தான்.

வருடக்கணக்கான கறை ஒரே தடவையில் போகாது. அமிலமும் ஆக்ஸிஜனுமாக இரண்டு மூன்று சுற்று வேண்டியிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமாவது வெளுத்தால் தொடருங்கள். ஒரு மாற்றமும் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் வெளுப்பது நூலைத் தின்னும்.

பிளீச் ஏன் கூடாது என்று சொல்லிவிட வேண்டும். குளோரின் புரதத்தோடு சேர்ந்து தானே மஞ்சளாகும் பொருட்களை உண்டாக்குகிறது. அதனால்தான் பிளீச் போட்ட அன்று வெள்ளையாகத் தெரிந்த சட்டை, அடுத்த தடவை முன்னைவிட மஞ்சளாக வருகிறது. சுருங்காத வகைச் சட்டைகளில் உள்ள பூச்சும் குளோரினைப் பிடித்து வைத்துப் பழுக்கும். உஜாலாவும் ராபின் நீலமும் கெடுதல் செய்யாது, ஆனால் கறையை எடுக்கவும் செய்யாது. மஞ்சளின் மேல் நீலச் சாயலை ஏற்றிக் கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டுவதுதான் அவற்றின் வேலை. கறையை எடுத்த பிறகு கடைசி அலசலில் நீலம் போடுங்கள், முன்னால் வேண்டாம்.

அடையாளம்: சட்டை முழுக்க மஞ்சள், அல்லது செம்பழுப்புப் புள்ளிகள்

அக்குளில் மட்டுமில்லாமல் சட்டை முழுவதும் ஒரே மாதிரி பழுத்திருந்தால் ரோல்-ஆனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரவு ஒரு பக்கெட்டில் பிடித்து வைத்தால் காலையில் அடியில் செம்மண் நிறத்தில் படியும். இந்தத் தண்ணீரில் பிளீச் ஊற்றினால் கரைந்திருக்கும் இரும்பு துருவாகி நேரே துணியில் இறங்கும். இதற்கு சிட்ரிக் அமில வெந்நீர் மட்டும் போதும், ஆக்ஸிஜன் தூள் தேவையில்லை. வெள்ளை உடுப்பை நல்ல தண்ணீர் வரும் நாளுக்கு ஒதுக்கி வையுங்கள்.

அடையாளம்: அக்குள் மொடமொடவென்று விறைத்திருக்கிறது

நிறம் மாறியிருக்காது. தொட்டால் மட்டும் அட்டை போல இருக்கும். டெரிகாட்டன் பள்ளிச் சட்டைகளிலும் டி-ஷர்ட்டுகளிலும் அதிகம் பார்க்கலாம். ஸ்டிக்கில் உள்ள மெழுகு, அலுமினிய உப்பு, உப்புத் தண்ணீரில் பார் சோப்பு போட்டால் உண்டாகும் சுண்ணாம்புப் பிசுக்கு, மூன்றும் அடுக்கடுக்காகப் படிந்த விறைப்பு அது. கடினத் தண்ணீர் வரும் வீடுகளில் இது சீக்கிரம் வரும். அங்கே பார் சோப்பைவிட பவுடரோ லிக்விடோ மேல், ஏனென்றால் அவை சுண்ணாம்போடு சேர்ந்து அவ்வளவாகத் திரிவதில்லை.

இங்கே மெழுகை முதலில் எடுக்க வேண்டும். அது மூடியிருக்கும் வரை அமிலம் உள்ளே போகாது. உலர்ந்த துணியில், தண்ணீர் படாமல், பாத்திர லிக்விடைத் தடவி விரலால் அழுத்திக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு நல்ல சூடான தண்ணீரில் அலசுங்கள். அதன்பின் சிட்ரிக் அமில ஊறல் ஒரு மணி நேரம். ஊறலுக்கு நடுவே பகுதியைக் கசக்கினால் விறைப்பு உடைவது கைக்கே தெரியும். ஆக்ஸிஜன் தேவைப்படாது, மஞ்சளும் சேர்ந்திருந்தால் ஒழிய.

கலர் சட்டையில் அக்குள் காய்ந்த பிறகும் ஈரம்போல் கறுத்துத் தெரிவதும் இதே குடும்பம்தான். ரோல்-ஆனில் உள்ள எண்ணெயும் சிலிகோனும் ஊறியிருக்கின்றன. பாத்திர லிக்விடே போதும், இரண்டு தடவை.

காலர் உள்பக்கத்துக் கருங்கோடும் பெரும்பாலும் எண்ணெய்தான். தோல் அழுக்கும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தது. அதற்கும் இதே லிக்விட், உலர்ந்த துணியிலேயே.

அடையாளம்: கறுப்புத் துணியில் வெள்ளைத் தீற்றல்

போட்டுக்கொள்ளும்போது அக்குளில் உரசிய ஈர ரோல்-ஆன். தண்ணீரைத் தொடாதீர்கள், நனைத்தால் கரைந்து பரவி, காய்ந்ததும் பெரிய வட்டமாகத் தெரியும். பழைய நைலான் சாக்ஸ் அல்லது அதே துணியின் இன்னொரு மடிப்பைக் கொண்டு உலர்வாக உரசினால் பெரும்பாலும் போய்விடும். உதறியதுமே பாதி கொட்டினால் அது டால்கம் பவுடர். அதற்கும் உலர்ந்த பிரஷ்தான், டால்கை வீட்டில் உள்ள எந்த அமிலமும் கரைக்காது.

அடையாளம்: முதுகில், மார்பில் வெள்ளை வளையங்கள்

வெறும் உப்பு. சென்னை மாதிரி புழுக்கத்தில் வியர்த்து, ஏசி அறையில் காய்ந்து, மறுபடி வெளியே போய் வியர்த்தால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வளையம் விழும். சாதாரணத் தண்ணீரில் கால் மணி ஊறினாலே கரையும். இதற்கு எந்த மருந்தும் வேண்டாம். ஆனால் துவைக்காமல் மூட்டையாகப் போட்டு வைக்க வேண்டாம். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரத்தில் பூஞ்சை வந்து கரும்புள்ளி விழும். அது வேறு பெரிய தொல்லை.

அடையாளம்: துவைத்தாலும் வாடை போகவில்லை

கொடியில் இருக்கும்போது வாடை இல்லை. போட்டுக்கொண்டு பத்து நிமிடத்தில், அல்லது அயர்ன் சூடு பட்டதும், புளித்த வாடை கிளம்புகிறது. இப்படி நடப்பது பெரும்பாலும் பாலியெஸ்டரில். ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட், ஜிம் உடுப்பு, விலை மலிந்த குர்தி எல்லாம் இதில் சேரும்.

வியர்வைக்குத் தனி வாடை கிடையாது. தோலில் உள்ள பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாறுகிறது. பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்தில் 26 பேரை உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்க வைத்து அவர்களுடைய பருத்தி, பாலியெஸ்டர் டி-ஷர்ட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2014-இல் வெளிவந்த ஆய்வு அது. பாலியெஸ்டர்தான் அதிகம் நாறியது. மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா அதில் செழித்து வளர்ந்திருந்தது. பாலியெஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, எண்ணெயை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த எண்ணெய்தான் வாடையின் கிடங்கு.

அதனால் வாசனை போடுவதில் பயனில்லை. எண்ணெயை எடுக்க வேண்டும். துணியைத் திருப்பி, அக்குளில் பாத்திர லிக்விட் தடவிக் கால் மணி. அலசிவிட்டு, என்சைம் பவுடர் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம். கொதிக்கும் தண்ணீரில் என்சைம் செத்துப்போகும், ஆகவே கை பொறுக்கும் சூடுதான். வாடை முரடாக இருந்தால் ஆக்ஸிஜன் தூளில் ஒரு ஊறல். சாயம் போகிறதா என்று உள்தையலில் முதலில் சோதித்துவிட்டுப் போடலாம். நன்றாக அலசி, உள்பக்கம் வெளியே தெரியும்படி காற்றோட்டத்தில் காயப் போடுங்கள்.

ஃபேப்ரிக் கண்டிஷனரை இந்த உடுப்புகளுக்கு அடியோடு நிறுத்துங்கள். அது நூலின் மேல் மெழுகுபோல் படிந்து எண்ணெயை உள்ளே அடைத்து வைக்கும். இரண்டு நாள் மணக்கும், பிறகு முன்னைவிட நாறும். மெஷின் டப்பையும் முகர்ந்து பாருங்கள். ரப்பர் வளையத்தில் பிசுக்கு சேர்ந்திருந்தால் துணி எப்படித் துவைத்தாலும் வாடையோடுதான் வரும்.

அடையாளம்: கலர் துணியில் அக்குள் மட்டும் நிறம் மாறியிருக்கிறது

கருநீலம் செம்பழுப்பாக, மெரூன் வெளிறி, பச்சை மஞ்சளாக. தண்ணீர்ச் சோதனையில் மாற்றம் இல்லையென்றால் சாயம் பாதிக்கப்பட்டிருக்கிறது. அலுமினிய உப்பு அமிலத்தன்மை உள்ளது. வியர்வையும் புதிதாக இருக்கும்போது லேசாக அமிலம், பழசானால் காரம். சில சாயங்கள் இதைத் தாங்காது. காரத்தால் நிறம் மாறியிருந்தால், ஒரு பங்கு வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து தொட்டு வைத்ததும் கொஞ்சம் திரும்பும். அப்படித் திரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். டையிங் கடையில் முழுத் துணிக்கும் அடர்த்தியான நிறம் ஏற்றுவது ஒன்றுதான் வழி.

இந்தப் பிரச்சினை புதிதில்லை. அமெரிக்காவில் எவர்டிரை என்ற ஆன்டிபெர்ஸ்பிரன்ட் வந்தது 1903-இல். அலுமினியம் குளோரைடு கரைசல் அது. அந்தக் காலத்துக் கரைசல்களின் அமிலம் தோலையும் எரித்தது, துணியையும் அரித்தது. அந்த அமிலத்தைத் தணிக்கும் முறைக்கு வேதியியலாளர் ஜூல் மோன்டெனியே காப்புரிமை பெற்றது 1941-இல். இன்றைய ரோல்-ஆன்கள் அவ்வளவு கடுமையில்லை. ஆனால் அதிகம் வியர்ப்பவர்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் அலுமினியம் குளோரைடு கரைசல் இன்றும் துணியைக் கெடுக்கும். இரவில் பூசி, நன்றாக உலர்ந்த பின் பழைய பனியன் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டு ஜாக்கெட்

இதற்கு மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். பட்டு என்பதே புரதம். புரதத்தைத் தின்கிற என்சைம் பவுடர் பட்டையும் தின்னும். குளோரின் பிளீச் பட்டைக் கரைத்தே விடும். சலவை சோடா, ஆக்ஸிஜன் தூள் இவற்றின் காரமும் பட்டின் பளபளப்பைப் போக்கும். வியர்வை உப்பும் அலுமினிய உப்பும் அப்படியே நாள்கணக்கில் இருந்தால் நூல் நைந்து, அடுத்த கல்யாணத்தில் கையைத் தூக்கும்போது அக்குளில் கிழியும். கிழிந்த பட்டு ஜாக்கெட்டுகளை எடுத்துப் பாருங்கள், கிழிசல் தையலில் இருக்காது, தையலுக்குப் பக்கத்தில் துணியிலேயே இருக்கும்.

கழற்றிய அன்றே செய்வதுதான் பட்டுக்குச் சரியான வைத்தியம். உள்பக்கம் திருப்பி, நிழலில், காற்று வரும் இடத்தில் ஓரிரவு விரித்து வையுங்கள். உடனே மடித்து பீரோவில் வைத்தால் ஈரமும் உப்பும் ஜரிகையையும் கறுக்க வைக்கும். பாடி ஸ்ப்ரேயை ஜாக்கெட் போட்ட பிறகு அடிப்பதும் ஜரிகைக்கு ஆகாது.

துவைக்கக் கூடிய பட்டு என்றால், உள்தையலில் வெள்ளைத் துணியை நனைத்து அழுத்திச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால், பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரையோ கம்பளித் துணிக்கான மென்மையான லிக்விடையோ குளிர்ந்த தண்ணீரில் கலந்து, அக்குளை மட்டும் நனைத்து உள்ளங்கையால் அழுத்தி எடுங்கள். கசக்கவும் பிழியவும் கூடாது. கடைசி அலசலில் பக்கெட்டுக்கு இரண்டு கரண்டி வினிகர் போதும். துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து நிழலில் காய வையுங்கள். சாயம் இறங்கினாலோ, கான்ட்ராஸ்ட் பார்டரும் கனமான ஆரி வேலையும் இருந்தாலோ வீட்டில் தொடாதீர்கள்.

டிரை கிளீனிங்குக்குக் கொடுக்கும்போது ‘வியர்வைக் கறை இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்லி, இடத்தையும் காட்டிக் கொடுங்கள். அங்கே பயன்படும் கரைப்பான் எண்ணெயை எடுக்கும்; உப்பு அதில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சொல்லாவிட்டால் கறை அப்படியே இருக்க, மேலே பிரஸ் சூடும் பட்டுத் திரும்பி வரும். சொன்னால் அந்த இடத்துக்குத் தனியாகத் தண்ணீர் வைத்தியம் பார்ப்பார்கள்.

தைக்கக் கொடுக்கும்போதே அக்குளில் பருத்தித் துணியால் ஒரு பேட் வைக்கச் சொல்லுங்கள், கழற்றித் துவைக்கும் வகையாக. லைனிங் வேறு நிறமென்றால் அதை முதலில் தண்ணீரில் போட்டுச் சாயம் பார்த்துவிட்டுக் கொடுங்கள். லைனிங் சாயம் வியர்வையில் இறங்கி மேல்துணியில் ஏறுவதை வியர்வைக் கறை என்று பலர் தவறாக நினைக்கிறார்கள்.

அடையாளம்: வியர்வையே நிறமாக வருகிறது

பனியனில் ஆரஞ்சு அல்லது சிவந்த கறை, சிறுநீரும் அதே நிறம் என்றால், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவரா என்று பாருங்கள். அந்த மாத்திரை வியர்வை, கண்ணீர், சிறுநீர் எல்லாவற்றையும் ஆரஞ்சாக்கும். தொழுநோய்க்கான குளோஃபாசிமினும் வியர்வைக்கு நிறம் தரும். இது எதிர்பார்த்த விளைவுதான், பயப்பட ஒன்றுமில்லை. துணி கெடுகிறதே என்று மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. சாதாரணக் காசநோய்க்கு 6 மாதச் சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். அதுவரை அடர்நிற உள்ளாடை போட்டால் போதும்.

மருந்து எதுவும் இல்லாமல் அக்குள் முடியில் மஞ்சளாகச் சிறு கட்டிகள் ஒட்டியிருந்து, துணியும் மஞ்சளானால், அது பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். முடியை மழித்து, தோல் மருத்துவரிடம் காட்டினால் எளிதில் சரியாகும். கறை வைத்தியத்தால் அது தீராது.

திரும்ப வராமலிருக்க

ரோல்-ஆனை இரவு படுக்கும் முன், குளித்து உலர்ந்த தோலில், மெல்லிதாகப் பூசுங்கள். இரவில் வியர்வை குறைவு. உப்பு போய் வேலை செய்ய நேரம் கிடைக்கும், காலையில் குளித்தாலும் பலன் நிற்கும். துணியில் ஒட்டுவதும் குறையும். காலையில்தான் பூசுவேன் என்றால் கையைத் தூக்கி ஐந்து நிமிடம் உலர விட்டு, அதன்பிறகு சட்டையைப் போடுங்கள். கூடுதலாகப் பூசினால் கூடுதலாக வியர்வை நிற்காது, மிச்சமெல்லாம் துணிக்குத்தான் போகும்.

வெள்ளைச் சட்டைக்குள் பனியன் போடுவது இன்றும் நல்ல வழக்கம். மாலையில் கழற்றியதும் சட்டையை அழுக்குக் கூடையில் போடாமல், அக்குளை மட்டும் குழாயடியில் உள்பக்கத்திலிருந்து ஒரு நிமிடம் அலசிக் கொடியில் போடுங்கள். துவைப்பது ஞாயிற்றுக்கிழமை என்றாலும் பரவாயில்லை. இது மட்டும் ஒழுங்காக நடந்தால் மேலே சொன்ன சிட்ரிக் அமிலப் பாக்கெட் மாதக்கணக்கில் பிரிக்காமலே கிடக்கும்.